நிறைமாதத்தில் செய்ய வேண்டியவை: மட்டக்களப்பு, அம்பாறைத் தாய்மாருக்கு ஒரு முழு வழிகாட்டி

பிள்ளைப்பேற்றுக்கு ஆயத்தம் என்றவுடன் எல்லோரும் பை கட்டுவதைத்தான் நினைக்கிறார்கள். வாவியும் வெள்ளமும் உள்ள இந்தக் கரையில் அது இரண்டாவது வேலை. நோ நள்ளிரவில் வந்தாலும், அடைமழையில் வந்தாலும், எந்த வைத்தியசாலைக்கு எந்த வழியால் யாரோடு போவது என்பதை முடிவு கட்டி வைப்பதே முதல் வேலை. "விடியட்டும், பார்ப்போம்" என்று வீட்டில் கழிந்த மணித்தியாலங்கள்தான் பல கெடுதிகளுக்குக் காரணம். ஆகவே 34ஆம் வாரத்தில் தொடங்குங்கள். 36 முடியும்போது எல்லாம் தயாராக இருக்க வேண்டும்.

திகதி

கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280ஆவது நாள்தான் பிரசவத் திகதி. கணக்கு எளிது: அந்த நாளோடு 7 நாளைக் கூட்டி, 3 மாதம் பின்னுக்குப் போங்கள். மார்ச் 10 என்றால் டிசம்பர் 17. மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்களுக்கு முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேனில் வந்த திகதியே சரியானது. கடைசி மாதத்து ஸ்கேன் வேறு திகதி காட்டினால் குழம்ப வேண்டாம். அது பிள்ளையின் வளர்த்தியை வைத்துச் சொல்லும் மதிப்பீடு, திகதியை மாற்றுவதற்கு அல்ல.

சரியாக அந்த நாளில் பிறக்கும் பிள்ளைகள் மிகச் சிலரே. 37 வாரம் முடிந்த பிறகு எந்த நாளும் அந்த நாளாகலாம். மறுபுறம், 40 வாரம் தாண்டியும் நோ வரவில்லையென்றால், "தானாக வரட்டும்" என்று இருக்காமல் கிளினிக்கில் எழுதித் தந்த திகதியில் போய் வாட்டில் அனுமதியாகுங்கள். 41 வாரம் கடந்தால், பிள்ளைக்கு ஊட்டம் கொடுக்கும் நச்சுக்கொடியின் வலு குறையத் தொடங்கும். வெளியே எதுவும் தெரியாது, உள்ளே பிள்ளை களைத்துப்போகும்.

எந்த வைத்தியசாலை, எந்த வழி

34 முதல் 36 வாரத்துக்குள் வரும் கிளினிக்கில் நேரடியாக ஒரு கேள்வி கேளுங்கள்: "எனக்கு எங்கே பிள்ளை பெறுவது பாதுகாப்பு?" பதிலைக் கர்ப்பிணிப் பதிவேட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாழைச்சேனை, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலைகளோ அம்பாறைப் பொது வைத்தியசாலையோ பலருக்குக் கிட்டடி. முன்பு சிசேரியன் செய்தவர்கள், இரட்டைப்பிள்ளை, பிரஷர், சீனி வருத்தம், இருதய நோய் உள்ளவர்கள், நச்சுக்கொடி கீழே இறங்கியிருப்பவர்கள், பிள்ளை தலைகீழாகத் திரும்பாதவர்கள் ஆகியோருக்கு இரவிலும் மகப்பேற்று நிபுணரும் சத்திரசிகிச்சைக் கூடமும் இரத்தமும் உள்ள இடம் வேண்டும். பிள்ளை குறைமாதத்தில் வரும் சாத்தியம் இருந்தால், சிசுக்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை போன்ற ஓரிடம்தான் கேள்விக்கு விடை. கிட்டடி என்பதற்காகச் சிறிய வைத்தியசாலைக்குப் போய், அங்கிருந்து மாற்றி அனுப்பப்படும்போது போகும் நேரமே பெரிய இழப்பு.

அடுத்தது வழி. வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் பிரதான வீதியோரம் இருப்பவர்களுக்கு இது பெரிய பிரச்சினை அல்ல. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் அப்படியில்லை. வலையிறவுப் பாலமும் மண்முனைப் பாலமும் வந்த பிறகு நிலைமை நன்றாக மாறிவிட்டது. ஆனால் பாலத்துக்கு வந்து சேரும் ஊர் வீதிதான் இன்னும் மழையில் மூழ்குகிறது. மண்டூர், குருமண்வெளிப் பக்கத்தில் இருப்பவர்கள் ஓடப்பாதையை நம்பி இரவுத் திட்டம் போடாதீர்கள். கிரான், புலிபாய்ந்தகல் வீதியும் மண்டூர், வெல்லாவெளிப் பக்கத்து வீதிகளும் மழைக்காலத்தில் நீருக்குள் போவது புதிதல்ல. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் வெள்ளத்தைக் கடந்த உழவு இயந்திரம் கவிழ்ந்து மதரஸா மாணவர்கள் உயிரிழந்ததை அம்பாறை மாவட்டம் மறக்காது. ஓடும் தண்ணீருக்குள் நிறைமாதக்காரியை ஏற்றிக்கொண்டு இறங்குவதை எந்த அவசரமும் நியாயப்படுத்தாது.

ஆகவே திகதி நவம்பர் முதல் ஜனவரி வரைக்குள் விழுந்தால், 37ஆம் வாரத்திலேயே வைத்தியசாலைக்குக் கிட்டடியில் உள்ள உறவினர் வீட்டுக்கு மாறிவிடுங்கள். கலியாணத்துக்குப் பிறகும் பெண் தாயின் வளவிலேயே, அல்லது பக்கத்து வளவிலேயே இருப்பது நம் பகுதி வழக்கம் என்பதால் "பிள்ளைப்பேற்றுக்கு வேறு வீட்டுக்கா?" என்று அம்மாவும் அம்மம்மாவும் தயங்குவார்கள். பிரசவத் திகதிக்கு ஆறு கிழமை முன்னரே பேசிச் சம்மதிக்க வையுங்கள். போவதற்கு வீடு இல்லாதவர்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். வெள்ள அபாயம் உள்ள ஊரிலிருந்து வரும் தாயை முன்கூட்டியே அனுமதிக்க முடியுமா என்று அவர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாகக் கேட்டுச் சொல்வார்.

வாகனத்துக்கு இரண்டு பேரைப் பேசி வையுங்கள், ஒருவர் போதாது. பின்னுக்குச் சாய்ந்து இருக்கக்கூடிய கார் அல்லது வான் நல்லது, ஓட்டோவும் பரவாயில்லை. மோட்டார் சைக்கிள் வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அழைக்கும்போது பதற்றத்தில் பெயரும் வருத்தமும்தான் முதலில் வாயில் வரும், அவர்களுக்கு முதலில் வேண்டியது இடம். ஊர், கிராம சேவையாளர் பிரிவு, பக்கத்துக் கோயில் அல்லது பள்ளிவாசல், பிரதான வீதியிலிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை ஒரு கடதாசியில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அதன் கீழே எத்தனை வாரம், எத்தனையாவது பிள்ளை, இரத்த வகை. இப்படி ஒட்டி வைத்தால் வீட்டில் இருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளையே அழைப்பெடுத்து வாசித்துவிடும். காட்டு யானை நடமாட்டம் உள்ள ஊரானால், அம்புலன்ஸ் வரும் சந்தியில் டோர்ச்சோடு நிற்க இரண்டு ஆண்களையும் பேசி வையுங்கள். தனியாக ஒருவரை அனுப்பாதீர்கள்.

இன்னுமொரு முக்கியமான விடயம். கணவர் கடலிலோ வயலிலோ கட்டாரிலோ இருந்தால் "அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு" என்று காத்திருக்கக் கூடாது. யார் இல்லாவிட்டாலும் புறப்படும் முடிவைத் தாயே எடுக்கலாம் என்று இப்போதே எல்லோரும் சேர்ந்து பேசி ஒத்துக்கொள்ளுங்கள்.

பை

மூன்று சிறு பையாகப் பிரித்தால் வாட்டில் தேட வேண்டியிராது.

முதலாவது கடதாசிப் பை, நனையாத பொலித்தீனுக்குள்: கர்ப்பிணிப் பதிவேடு, கிளினிக் கொப்பி, எல்லா ஸ்கேனும், இரத்த வகை அறிக்கை, அடையாள அட்டை, விவாகச் சான்றிதழின் பிரதி, குடிக்கும் மருந்துகளின் பட்டியல். பதிவேடு இல்லாமல் போனால் வைத்தியர் உங்களை முதன்முதலாகச் சந்திப்பவர் போலத்தான் தொடங்க வேண்டும்.

இரண்டாவது தாயின் பை: முன்பக்கம் திறக்கும் உடுப்பு 3, உள்ளாடை 6, பெரிய சானிட்டரி பாட் 2 பக்கற், விரிப்பு 2, துவாய் 1, செருப்பு, சவர்க்காரம், பற்தூரிகை, கோப்பை, கரண்டி, சுடுதண்ணிப் போத்தல், பிஸ்கற், பேரீச்சம்பழம், போன் சார்ஜர். நகைகளைக் கழற்றி வீட்டில் வையுங்கள். விரல் வீங்கினால் மோதிரத்தை வெட்ட வேண்டி வரும்.

மூன்றாவது பிள்ளையின் பை: பருத்தித் துணித் துண்டு 12, சட்டை 6, தொப்பி 2, காலுறை, மெல்லிய துவாய் 3, றபர் சீட் 1. புதுத்துணியில் கஞ்சியும் சாயமும் இருக்கும். எல்லாவற்றையும் ஒருமுறை கழுவி வெயிலில் காயவைத்து, நன்றாக உலர்ந்த பிறகு மூடுங்கள். மழைக்காலத்தில் ஈரத்தோடு மூடினால் பூஞ்சணம் பிடிக்கும். பால்போத்தலும் மாவும் கொண்டுபோகாதீர்கள். தாய்ப்பால் ஊட்டலை முதல் நாளே குழப்புவது அதுதான். சில வைத்தியசாலைகள் தங்கள் பட்டியலையே தரும். அப்படியானால் அதன்படி செய்யுங்கள்.

உடலை ஆயத்தப்படுத்தல்

இரும்புச்சத்து மாத்திரையைக் கடைசி நாள் வரை விடாதீர்கள். தேத்தண்ணியோடு குடித்தால் இரும்பு உடம்பில் சேராது. உணவுக்கு முன்போ பின்போ ஒரு மணித்தியாலம் தேத்தண்ணி வேண்டாம். கல்சியத்தையும் இரும்பையும் ஒரே நேரத்தில் விழுங்காமல் ஒன்றைக் காலை, மற்றதை இரவு என்று பிரியுங்கள். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் பிள்ளை பிறக்கும்போது போகும் இரத்தத்தை உடம்பு தாங்குவது கடினம். கடைசிக் கிழமைகளில் உங்கள் எண் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். திரிபோஷா கிடைத்தால் அது தாய்க்குத் தந்தது, வீட்டுப் பிள்ளைகளுக்குப் பங்கிட அல்ல. மீனில் சூடை, கீரி போன்ற சிறியவை மேல். சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும்.

பக்கவாட்டில் படுங்கள், இடதுபக்கம் நல்லது. மல்லாந்து படுத்தால் கருப்பையின் பாரம் முதுகுப்பக்கத்துப் பெரிய இரத்தக் குழாய்களை அமுக்கி, பிள்ளைக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். தூக்கத்தில் தானாக மல்லாந்துவிட்டால் பயப்பட வேண்டாம், விழித்தவுடன் திரும்பினால் போதும்.

தலைப்பிள்ளைக்காரிகள் 35ஆம் வாரத்திலிருந்து யோனிவாசலை எண்ணெய் பூசி மசாஜ் செய்வது கிழிசலையும் தையலையும் குறைக்கும். வெட்கத்தால் யாரும் பேசாத விடயம் இது, ஆனால் பயன் உள்ளது. நகம் வெட்டி, கை கழுவி, சுத்தமான தேங்காய் எண்ணெயைப் பெருவிரலில் தடவி, 3 சென்ரிமீற்றர் உள்ளே வைத்துக் கீழ்ப்பக்கமும் இருபக்கமும் மெதுவாக அழுத்தி இழுங்கள். 5 நிமிடம், கிழமைக்கு 3 முறை. எரிவு வரும், வலி வரக்கூடாது. இரத்தப்போக்கு, தொற்று, கீழிறங்கிய நச்சுக்கொடி இருந்தால் செய்யவே வேண்டாம்.

கடைசி நான்கு கிழமை தினமும் 6 பேரீச்சம்பழம் சாப்பிட்டவர்களில் கருப்பை வாய் சற்று நன்றாகத் திறந்திருந்ததைச் சில ஆய்வுகள் காட்டின. காத்தான்குடி வீதியில் பேரீச்ச மரத்தைக் கண்டு வளர்ந்த நமக்கு அது கஷ்டமான உணவல்ல. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. நோவை வரவழைக்க ஆமணக்கெண்ணெய் குடிப்பது வேறு கதை. வாந்தியும் வயிற்றோட்டமும் வந்து உடம்பு நீர் வற்றும், பிள்ளை உள்ளே மலங்கழிக்கவும் கூடும். வேண்டாம்.

வீட்டில் சவரக்கத்தியால் கீழே வழிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்களால் தொற்று வரும். கத்தரிக்கோலால் கட்டையாக வெட்டினால் போதும்.

தினமும் பார்க்க வேண்டியது: துடிப்பு

சாப்பிட்ட பிறகு இடதுபக்கம் சாய்ந்து படுத்து, பிள்ளை துடிப்பதை, அதாவது வயிற்றுக்குள் அசைவதை, எண்ணுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் 10 வர வேண்டும். பெரும்பாலும் அதற்கு முன்பே வந்துவிடும். கிளினிக்கில் வேறு முறையில் எண்ணும் அட்டை தந்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். எண்ணிக்கையைவிட முக்கியமானது உங்கள் பிள்ளையின் வழமை. வழமையாக இரவில் துள்ளும் பிள்ளை ஒரு நாள் மந்தமாக இருந்தால் அதுவே போவதற்குப் போதிய காரணம். "கடைசி மாதத்தில் இடமில்லாததால் துடிப்புக் குறையும்" என்பது பிழை. அசைவின் விதம் மாறும், எண்ணிக்கை குறையாது. சீனித்தண்ணி குடித்துப் பார்த்து விடியும்வரை இருக்காதீர்கள்.

கீழே உள்ளவற்றில் ஒன்று வந்தாலும் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே புறப்படுங்கள்:

- எவ்வளவு சிறிதானாலும் இரத்தம் போதல். சளியோடு சேர்ந்த இளஞ்சிவப்புக் கோடு மட்டும் வேறு, அதைக் கீழே பாருங்கள்.
- விடாத தலையிடி, கண் மங்கல் அல்லது மின்னல் போல் தெரிதல், நெஞ்சுக்குழிக்குக் கீழே வலப்பக்க நோவு, முகமும் கையும் திடீரென வீங்குதல். இவை பிரஷர் கூடியதன் அடையாளம். 140க்கு 90 என்றால் அன்றே காட்ட வேண்டும், 160க்கு 110 என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்க முடியாது. கவனியாவிட்டால் வலிப்பு வரும்.
- காய்ச்சல். மழைக்காலத்தில் டெங்கு இங்கே கடுமை. பரசிற்றமோல் மட்டும் குடிக்கலாம், வேறு வலிநிவாரணி வேண்டாம்.
- உள்ளங்கை, உள்ளங்காலில் இரவில் கூடும் கடும் அரிப்பு. ஈரல் பாதிப்பாக இருக்கலாம், பிள்ளைக்கும் ஆபத்து.
- மூச்சுத்திணறல், வலிப்பு, மயக்கம்.

பொய் வலியா, மெய் வலியா

பொய் வலி ஒழுங்கில்லாமல் வந்து, நடந்தாலோ தண்ணீர் குடித்தாலோ படுத்தாலோ குறையும். மெய் வலி முதுகிலிருந்து முன்னுக்குச் சுற்றிவரும். எதைச் செய்தாலும் நிற்காது, இடைவெளி குறைந்துகொண்டும் வலு கூடிக்கொண்டும் போகும். கைபோனில் நேரம் பாருங்கள். ஒரு வலியின் தொடக்கத்திலிருந்து அடுத்த வலியின் தொடக்கம்வரை எண்ணுவதுதான் இடைவெளி. பலர் வலி முடிந்ததிலிருந்து எண்ணிப் பிழைவிடுகிறார்கள்.

தலைப்பிள்ளை, வைத்தியசாலை அரை மணித்தியாலத்துக்குள் என்றால்: 5 நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் 45 முதல் 60 செக்கன், இப்படி ஒரு மணித்தியாலம் நீடித்தால் புறப்படுங்கள். அதைவிடத் தூரமானால் 10 நிமிட இடைவெளியிலேயே. இரண்டாம், மூன்றாம் பிள்ளை விரைந்து வரும், அவர்களும் 10 நிமிடத்தில் கிளம்ப வேண்டும். முன்பு சிசேரியன் செய்தவர்கள் முதல் ஒழுங்கான வலியிலேயே போக வேண்டும், பழைய தழும்பு விடும் ஆபத்து இருக்கிறது. 37 வாரத்துக்கு முன் வலி வந்தால் இந்தக் கணக்கு எதுவும் இல்லை, உடனே போங்கள்.

சளி போன்ற, சற்று இரத்தம் கலந்த கட்டி வெளிவருவது கருப்பை வாய் இளகுவதன் அடையாளம். அதற்குப் பிறகு நோ வரச் சில நாள்கூட ஆகலாம். தனியே அதற்காக ஓட வேண்டாம். பன்னீர்க்குடம் உடைவது அப்படியல்ல. ஒரேயடியாகக் கொட்டலாம், சிறிது சிறிதாகக் கசியவும் கூடும். சிறுநீரா என்று சந்தேகமானால் சுத்தமான பாட் வைத்து அரை மணித்தியாலம் நடந்து பாருங்கள். நனைந்து, சிறுநீர் மணம் இல்லையென்றால் அது பன்னீர். வலி இல்லாவிட்டாலும் போங்கள், நேரம் போகப் போகத் தொற்று உள்ளே ஏறும். பச்சை அல்லது பழுப்பு நிறமென்றால் பிள்ளை உள்ளே மலங்கழித்திருக்கிறது, விரையுங்கள். தொப்புள்கொடி வெளியே தெரிந்தால் அதைத் தொடாமல், முழங்காலில் குனிந்து நெஞ்சைக் கீழேயும் இடுப்பை மேலேயும் வைத்துக்கொண்டு 1990க்கு அழையுங்கள்.

லேபர் ரூமில்

கருப்பை வாய் 5 சென்ரிமீற்றர் திறக்கும்வரை போகும் நேரம் ஆளுக்கு ஆள் மாறும், ஒரு நாள்கூட ஆகலாம். அதன் பிறகு தலைப்பிள்ளைக்குப் பொதுவாக 12 மணித்தியாலத்துக்குள், அடுத்த பிள்ளைகளுக்கு 10க்குள் முழுதும் திறக்கும். இந்த நேரத்தில் நடக்க விட்டால் நடங்கள், சிறிது சிறிதாகக் குடியுங்கள், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழியுங்கள். நிறைந்த சிறுநீர்ப்பை தலை இறங்குவதைத் தடுக்கும். 10 சென்ரிமீற்றர் ஆகுமுன் முக்காதீர்கள். கருப்பை வாய் வீங்கி, திறப்பது இன்னும் தாமதமாகும். அந்த உந்தல் வரும்போது மெழுகுதிரியை ஊதுவது போல வாயால் குட்டி மூச்சு விடுங்கள்.

பெண் துணை ஒருவர் கூட நிற்கச் சில இடங்களில் விடுவார்கள். கிளினிக்கிலேயே கேட்டு வையுங்கள். துணை நிற்பவர் அழாதவராக இருப்பது நல்லது. பிள்ளை பிறந்தவுடன் நெஞ்சின்மேல் தோலோடு தோலாக வைக்கச் சொல்லிக் கேளுங்கள், ஒரு மணித்தியாலத்துக்குள் பால் கொடுங்கள். முதலில் வரும் மஞ்சள் சீம்பாலைப் பீய்ச்சி ஊற்றிவிடும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. பிள்ளையின் முதல் நோயெதிர்ப்பு அதில்தான். வாயில் தேன் வைக்க வேண்டாம். அதிலிருக்கக்கூடிய கிருமி வித்துகள் ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் குடலில் முளைத்து உடம்பைத் தளர்த்திவிடும்.

இரத்த வகை நெகற்றிவ் என்றால், பிள்ளையின் வகை பொசிற்றிவ்வாக வந்ததும் 72 மணித்தியாலத்துக்குள் அன்ரி-டி ஊசி போட வேண்டும். ஞாபகப்படுத்துங்கள்.

வழியில் பிறந்துவிட்டால்

வாகனத்தை ஓரமாக நிறுத்தி 1990க்கு அழையுங்கள். தாயைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, கீழே சுத்தமான துணி விரியுங்கள். தலையை இழுக்காமல் கையால் தாங்குங்கள். தொப்புள்கொடி பிள்ளையின் கழுத்தில் சுற்றியிருந்து தளர்வாக இருந்தால் தலைக்கு மேலால் கழற்றுங்கள். பிறந்தவுடன் துவாயால் நன்றாகத் துடைத்து, தாயின் நெஞ்சில் தோலோடு வைத்து இருவரையும் போர்த்துங்கள். அழாவிட்டால் முதுகைத் துவாயால் தேய்த்துவிடுங்கள். கொடியை வெட்டவோ இழுக்கவோ வேண்டாம். பிளேட்டும் நூலும் எடுக்கும் அவசரத்தில்தான் தொற்று வருகிறது. நச்சுக்கொடி தானாக வந்தால் ஒரு பையில் போட்டுப் பிள்ளையோடு சேர்த்துக் கொண்டுபோங்கள். அது வந்த பிறகும் இரத்தம் கொட்டினால் தொப்புளுக்குக் கீழே கையை வைத்து வட்டமாக உறுதியாகத் தேய்த்து, பிள்ளையைப் பால் குடிக்க விடுங்கள். இரண்டும் கருப்பையை இறுகச் செய்யும்.

திரும்பி வரும் வீடு

புறப்படுமுன் அறையை ஆயத்தம் செய்யுங்கள்: காற்றோட்டம், உறுதியான படுக்கை, நுளம்பு வலை. துடக்கென்று யன்னலை அடைத்து, 31 நாள்வரை சாம்பிராணிப் புகையில் வைத்தால் பிள்ளையின் மூச்சுக்கு அது பாரம். சரக்குத்தூள் போட்ட பத்தியக் கறி நல்லதுதான், ஆனால் தண்ணீரைக் குறைக்கச் சொல்லும் பத்தியம் வேண்டாம். தாகம் எடுக்கும்போதெல்லாம் குடித்தால்தான் பால் கொடுப்பவருக்கு உடம்பு தாங்கும், மலச்சிக்கலும் வராது. தொப்புளில் சாம்பல், மஞ்சள், எண்ணெய் எதுவும் பூசாதீர்கள், காய விடுங்கள்.

பிறப்பை 3 மாதத்துக்குள் பதிய வேண்டும். பெயர் முடிவாகாததால்தான் பலர் தாமதிக்கிறார்கள், முன்பே இரண்டு பெயர் பேசி வையுங்கள். வீட்டுக்கு வந்த அன்றே குடும்பநல உத்தியோகத்தருக்கு அழைப்பெடுங்கள். முதல் 10 நாளுக்குள் இருமுறை அவர் வந்து பார்க்க வேண்டும். அதற்கிடையில் ஒரு மணித்தியாலத்தில் ஒரு பாட் முழுதும் நனைந்தால், காய்ச்சலோ நாற்றமோ தலையிடியோ வந்தால், பிள்ளை பால் குடிக்க மறுத்தால், பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் மஞ்சளானால், அவர் வரும்வரை இருக்காமல் சுவரில் ஒட்டிய அதே கடதாசியைப் பார்த்து 1990க்கு அழையுங்கள்.